பொதுக் காற்றில் தனி வலை: வீட்டு வைஃபையும் குறுக்கீடும்

வீட்டு இணைய இணைப்பு இரண்டு பகுதிகளால் ஆனது. தெருக் கம்பத்திலிருந்து வீட்டுக்குள் வந்துசேரும் ஒளியிழைக் கம்பி முதற்பகுதி. அந்தக் கம்பி முடிவடையும் ரவுட்டர் என்னும் பெட்டியிலிருந்து கைபேசிக்கும் மடிக்கணினிக்கும் தொலைக்காட்சிக்கும் காற்றின் வழியே செல்லும் வானொலி அலைகள் இரண்டாம் பகுதி. முதற்பகுதிக்கு இணைப்பு தரும் நிறுவனமோ உள்ளூர்க் கேபிள் ஆபரேட்டரோ பொறுப்பேற்கிறார். இரண்டாம் பகுதிக்கு வீட்டுக்காரரைத் தவிர வேறு எவரும் பொறுப்பில்லை. மதுரையிலும் அதைச் சூழ்ந்த ஊர்களிலும் ‘நெட் ஸ்லோவாக இருக்கிறது’ என்ற குறை எழும்போது, பழுது பெரும்பாலும் முதற்பகுதியில் தேடப்படுகிறது. 100 எம்பிபிஎஸ் திட்டம் 200 எம்பிபிஎஸ் திட்டமாக உயர்த்தப்படுகிறது. ஆனால் பின்கட்டு அறையில் பாடம் கேட்கும் மாணவரின் திரை அப்போதும் உறைந்தே நிற்கிறது. இரண்டாம் பகுதி எவ்வாறு இயங்குகிறது, அதில் குறுக்கீடு எங்கிருந்து வருகிறது, அதை எவ்வாறு கண்டறிந்து குறைக்கலாம் என்பவற்றை இவ்வத்தியாயம் விளக்குகிறது.

உரிமம் தேவையில்லாத அலைக்கற்றை

இந்தியாவில் வானொலி அலைகளைப் பயன்படுத்தும் கருவிக்கு அரசின் உரிமம் வேண்டும் என்பது 1933ஆம் ஆண்டின் இந்தியக் கம்பியில்லாத் தந்திச் சட்டம் வகுத்த பொதுவிதி. வானொலி நிலையங்களும் கைபேசி நிறுவனங்களும் தமக்கென ஒதுக்கப்பட்ட அலைவரிசைகளில் இயங்குவது இவ்விதியின்படியே. 2005ஆம் ஆண்டு ஜனவரியில் 2.4 கிகாஹெர்ட்ஸ் முதல் 2.4835 கிகாஹெர்ட்ஸ் வரையுள்ள அலைக்கற்றைக்கு மத்திய அரசு உரிம விலக்கு அளித்ததனால்தான், கடையில் வாங்கிய ரவுட்டரை யாருடைய அனுமதியும் இன்றி வீட்டில் இயக்க முடிகிறது. 2018ஆம் ஆண்டு அக்டோபரில் வந்த அறிவிக்கை, 5 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் மொத்தம் 605 மெகாஹெர்ட்ஸ் அகலத்துக்கு, வீட்டுக்கு உள்ளும் வெளியும் பயன்படுத்தும் வகையில், இவ்விலக்கை விரிவாக்கியது. 5925 முதல் 6425 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள 6 கிகாஹெர்ட்ஸ் பகுதியின் கீழ்ப்பாதியைக் குறைந்த திறன் கொண்ட கருவிகளுக்குத் திறந்துவிடும் வரைவு விதிகள் 2025 மே மாதத்தில் வெளியாயின.

உரிம விலக்குடன் சேர்ந்து வந்த நிபந்தனையை வீட்டுக்காரர் அறிந்திருப்பது இன்றியமையாதது. இந்த அலைக்கற்றை எவருக்கும் தனியுரிமை இல்லாத பகிர்வு முறையில் வழங்கப்பட்டுள்ளது. இதைப் பயன்படுத்துவோர் பிறருக்குக் குறுக்கீடு விளைவிக்கக் கூடாது. பிறரால் தமக்கு விளையும் குறுக்கீட்டிலிருந்து பாதுகாப்புக் கோரவும் இயலாது. பக்கத்து வீட்டு ரவுட்டரால் இணைப்பு தடைபடுகிறது என்று முறையிட அலுவலகம் எதுவும் இல்லை. எனவே சட்டம் தராத ஒழுங்கை அறிவாலும் அண்டை வீட்டாரின் ஒத்துழைப்பாலும்தான் உருவாக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இரண்டு பட்டைகளின் இயல்பு

இன்றைய ரவுட்டர்களில் பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் ஆகிய இரண்டு பட்டைகளிலும் இயங்குகின்றன. கிகாஹெர்ட்ஸ் என்பது அலை ஒரு வினாடியில் எத்தனை நூறு கோடி முறை அதிர்கிறது என்பதைக் குறிக்கும் அளவு. ரவுட்டர் வெளியிடும் வைஃபை பெயரின் இறுதியில் காணப்படும் ‘5ஜி’ என்ற குறி 5 கிகாஹெர்ட்ஸ் பட்டையைச் சுட்டுவதேயன்றி, கைபேசி நிறுவனங்களின் ஐந்தாம் தலைமுறைச் சேவையோடு அதற்குத் தொடர்பில்லை.

2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 12.5 சென்டிமீட்டர், 5 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் அதில் பாதிக்கும் குறைவு. நீளம் மிகுந்த அலை சுவர்களைக் கடந்து தொலைவு செல்கிறது. ஆனால் அதற்குக் கிடைத்துள்ள இடமோ 83.5 மெகாஹெர்ட்ஸ் மட்டுமே. இந்தியாவில் அந்தக் குறுகிய இடம் 13 சேனல்களாக எண்ணிடப்பட்டுள்ளது. சேனல் என்பது ஒரு ரவுட்டர் பேசுவதற்கெனத் தேர்ந்துகொள்ளும் அலைப்பகுதி. அடுத்தடுத்த சேனல்களின் நடுப்புள்ளிகளுக்கிடையே 5 மெகாஹெர்ட்ஸ் இடைவெளியே உள்ளது. ஆனால் ஒரு ரவுட்டர் குறைந்தது 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தை நிரப்பிப் பேசுகிறது. ஆகவே 13 எண்கள் இருந்தாலும், ஒன்றன்மீது ஒன்று படியாமல் இருப்பவை 1, 6, 11 ஆகிய மூன்றே. 5 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் சேனல்கள் ஒன்றன்மீது ஒன்று படியாதவாறே எண்ணிடப்பட்டுள்ளன. 36 முதல் 48 வரை நான்கும், 149 முதல் 165 வரை ஐந்தும், இடையில் ரேடார்களோடு பகிர்ந்துகொள்ளப்படும் மேலும் பல சேனல்களும் கிடைக்கின்றன. ஆனால் இந்த அலை ஒரு கான்கிரீட் தளத்தையோ இரண்டு செங்கற்சுவர்களையோ கடப்பதற்குள் பெரிதும் தளர்ந்துவிடுகிறது.

வேகத்தைப் பற்றியும் ஒரு தெளிவு தேவை. பெட்டியின் மேல் அச்சிடப்பட்ட 1200 என்ற எண், 2.4 கிகாஹெர்ட்ஸில் 300, 5 கிகாஹெர்ட்ஸில் 867 ஆகிய இரண்டையும் கூட்டி முழுமையாக்கிய கணக்கு. தனிக்கருவி ஒன்றுக்கு அத்தனையும் கிடைக்காது. ஒற்றை ஆன்டெனா கொண்ட சாதாரணக் கைபேசி, வைஃபை 4 என்னும் பழைய முறையில் 2.4 கிகாஹெர்ட்ஸில் 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் பேசும்போது, ஏட்டளவிலான உச்சவேகமே 72 எம்பிபிஎஸ்தான். நடைமுறையில் கிடைப்பது அதிலும் குறைவு. 100 எம்பிபிஎஸ் திட்டத்துக்குப் பணம் கட்டிவிட்டு, அந்தக் கைபேசியில் அந்தப் பட்டையிலேயே வேகத்தை அளந்து ஏமாறுவது அறியாமையின் விளைவேயன்றி நிறுவனத்தின் பிழையன்று.

குறுக்கீட்டின் மூன்று வகைகள்

முதலாவது, ஒரே சேனலில் பல ரவுட்டர்கள் இயங்குவதால் ஏற்படுவது. ஒரே அறையில் ஒருவர் பேசி முடிக்கும்வரை மற்றவர்கள் காத்திருப்பதைப் போல, வைஃபை கருவி ஒவ்வொன்றும் பேசுமுன் சேனலைக் கேட்டுப் பார்த்து, அது ஓய்ந்திருந்தால் மட்டுமே தன் தரவை அனுப்புகிறது. இம்முறையால் மோதல் குறைகிறது. ஆனால் காத்திருப்பு கூடுகிறது. யாரும் இணையத்தைப் பயன்படுத்தாத வேளையிலும் ஒவ்வொரு ரவுட்டரும் தன் பெயரை வினாடிக்குச் சுமார் 10 முறை அறிவித்துக்கொண்டே இருக்கிறது. பழைய முறைகளுக்கு இடம் கொடுத்துள்ள ரவுட்டர்களில் இந்த அறிவிப்பு மிகக் குறைந்த வேகத்தில் செல்வதனால், சேனலின் நேரத்தில் ஒரு பங்கு அதிலேயே கழிகிறது. மொட்டைமாடியின் மூலையிலிருந்து தளர்ந்த சிக்னலில் படம் பார்க்கும் ஒரு கைபேசியும் இதே தீங்கைச் செய்கிறது. அது மெதுவாகப் பேசுவதால் நெடுநேரம் பேசுகிறது, அருகில் நல்ல சிக்னலில் உள்ள கருவிகளும் அதற்காகக் காத்திருக்கின்றன.

இரண்டாவது, அண்டைச் சேனல்களால் விளைவது. பக்கத்து வீடு 1ஆம் சேனலில் இருக்கும்போது இந்த வீடு 3ஆம் சேனலைத் தேர்ந்தால், இரண்டின் அலைகளும் ஒன்றன்மீது ஒன்று படிகின்றன. ஆனால் ஒன்றின் பேச்சு மற்றொன்றுக்கு வெறும் இரைச்சலாகவே எட்டுவதால், முறைவைத்துக் காத்திருக்கும் ஒழுங்கு குலைந்து, தரவு சிதைந்து, மீண்டும் மீண்டும் அனுப்பப்படுகிறது. ‘யாரும் இல்லாத எண்’ என்று கருதி 3, 4, 8, 9 போன்ற இடைச் சேனல்களைத் தேர்வது, தமக்கும் இருபுறத்து வீடுகளுக்கும் தீங்காகவே முடியும். ஒரே சேனலை ஒழுங்காகப் பகிர்ந்துகொள்வது இதைவிட மேலானது.

மூன்றாவது, வைஃபை அல்லாத கருவிகளால் வருவது. மைக்ரோவேவ் அடுப்பு சுமார் 2.45 கிகாஹெர்ட்ஸில் பல நூறு வாட் திறனோடு இயங்குகிறது. ரவுட்டரின் திறனோ பொதுவாக ஒரு வாட்டில் பத்தில் ஒரு பங்களவே. எனவே அடுப்பின் கதவோரம் கசியும் சிறு பங்கும், அது மனிதருக்குத் தீங்கில்லாத அளவாயினும், அருகிலுள்ள 2.4 கிகாஹெர்ட்ஸ் இணைப்பைக் குலைக்கப் போதுமானது. புளூடூத் கருவிகளும் இதே பட்டையில் 79 சிறு அலைவரிசைகளுக்கிடையே வினாடிக்கு 1600 முறை தாவிக்கொண்டிருக்கின்றன. ஆனால் அவை நெரிசலுள்ள இடங்களைத் தவிர்க்கும் திறன் பெற்றவை என்பதனால் தொல்லை குறைவு. கம்பியில்லாக் கண்காணிப்புக் கேமரா, வீட்டுக்குள் பயன்படுத்தும் சிலவகைக் கம்பியில்லாத் தொலைபேசி, ரவுட்டருக்கு அருகில் செருகப்பட்ட யுஎஸ்பி 3.0 சேமிப்புக் கருவி ஆகியவையும் 2.4 கிகாஹெர்ட்ஸில் இரைச்சலை எழுப்பக் கூடியவை.

மதுரை வீடுகளின் அமைப்பு

மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றிச் சதுரம் சதுரமாக அமைந்த சித்திரை, ஆவணி மூல, மாசி, வெளி வீதிகளிலும் அவற்றை இணைக்கும் சந்துகளிலும், வீடுகள் அகலம் குறைந்து நீளம் மிகுந்து, பக்கச் சுவர்கள் ஒட்டியபடி நிற்கின்றன. பழைய வீடுகளில் செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கட்டிய சுவர்கள் பலவிடங்களில் ஓர் அடிக்கும் மேல் தடிமனானவை. கேபிள் ஆபரேட்டர் கம்பியை வாசலோரத்தில் முடித்துவிட்டுச் செல்வதால், பெட்டி முன்கட்டில் நிற்க, சமையலறையும் படுக்கையறையும் மூன்று நான்கு சுவர்களுக்கு அப்பால் பின்கட்டில் அமைகின்றன. இத்தகைய வீட்டில் அலை செல்வதற்குரிய சிறந்த வழி நடுவிலுள்ள முற்றமே. பெட்டியை முற்றத்தைப் பார்த்த சுவரில் ஆள் உயரத்துக்குச் சற்று மேலே பொருத்தினால், முன்கட்டுக்கும் பின்கட்டுக்கும் சுவர்களின் எண்ணிக்கை பாதியாகக் குறைகிறது.

கே.கே. நகர், அண்ணா நகர், திருநகர் போன்ற பகுதிகளின் மாடி வீடுகளில் தடை வேறு வகையானது. இரும்புக் கம்பிகள் பின்னிய கான்கிரீட் தளம் அலையை வலுவாகத் தடுக்கிறது; செங்குத்தாக நிற்கும் ஆன்டெனா பக்கவாட்டில் அலையை மிகுதியாகவும் மேலும் கீழும் குறைவாகவும் வீசுவதால், தரைத்தளத்தில் வைத்த பெட்டிக்கு நேர் மேலுள்ள அறையில்கூடச் சிக்னல் தளர்ந்திருப்பதைக் காணலாம். மாடிப்படி ஏறும் திறப்பே இங்கு அலையின் வாசல் என்பதனால், அதன் அருகில் பெட்டியை வைப்பது பயன் தரும். எல்லீஸ் நகர் போன்ற அடுக்குமாடிக் குடியிருப்புகளில் சுவரைவிட நெரிசலே பெரிய சிக்கல். மேல்வீடு, கீழ்வீடு, இருபுறத்து வீடுகள் அனைத்தின் ரவுட்டர்களும் ஒரே காற்றைப் பகிர்கின்றன.

இரும்பு பீரோ, நிலைக்கண்ணாடி, குளிர்சாதனப் பெட்டி, நீர் நிரம்பிய தொட்டி ஆகியவை அலையைத் திருப்பவோ உறிஞ்சவோ செய்பவை. பெட்டியை அவற்றின் பின்னாலோ தொலைக்காட்சிக்குப் பின்னாலோ ஒளித்துவைப்பதைத் தவிர்க்க வேண்டும். வெப்பமும் கருதத்தக்கது. வீட்டு ரவுட்டர்கள் பலவும் 40 டிகிரி செல்சியஸ் வரையிலான சூழலுக்கென வடிவமைக்கப்பட்டவை. மதுரைக் கோடையில் நிழலிலேயே அந்த அளவு தாண்டும் நாட்கள் உண்டு. எனவே தளத்தை ஒட்டிய பரணிலும் காற்றோட்டமில்லாத மரப்பெட்டியிலும் அதை வைக்கக் கூடாது.

நகரத்துக்கு வெளியே, வாடிப்பட்டி, உசிலம்பட்டி, மேலூர்ப் பகுதிகளின் சிற்றூர்களில் அண்டை வீட்டுக் குறுக்கீடு குறைவு. அங்கு தொலைவே சிக்கல். வீட்டிலிருந்து தோட்டத்து மோட்டார் அறைக்கு இணைப்பு வேண்டுவோர், திசைநோக்கிய ஆன்டெனா கொண்ட 5 கிகாஹெர்ட்ஸ் கருவிகளை இருமுனையிலும் பொருத்தலாம். அவை ஒன்றையொன்று நேராகப் பார்த்தால் மட்டும் போதாது. 200 மீட்டர் தொலைவுக்கு, பார்வைக்கோட்டின் நடுவில் எல்லாப் பக்கமும் சுமார் 1.6 மீட்டர் வெற்றிடம் வேண்டும். தென்னை மட்டை அந்த இடத்துக்குள் ஆடினாலும் இணைப்பு தளரும்.

அரவிந்த் மருத்துவமனை தந்த பாடம்

வைஃபையின் குறுக்கீட்டை ஆராய்ந்த உலகளாவிய முயற்சிகளில் ஒன்று மதுரைக்கு அருகிலேயே பயனுக்கு வந்தது. மருத்துவர் கோ. வெங்கடசாமி 1976இல் மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, தேனியிலுள்ள தன் மருத்துவமனையைச் சுற்றியுள்ள ஊர்களின் கண் பரிசோதனை மையங்களோடு இணைத்து, நோயாளி ஊரிலிருந்தபடியே மருத்துவரிடம் காணொளி வழியே பேசும் ஏற்பாட்டை 2000களின் நடுப்பகுதியில் உருவாக்கியது. அமெரிக்காவின் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாக ஆய்வாளர்கள், வீட்டு ரவுட்டர்களில் உள்ளவை போன்ற விலை குறைந்த வைஃபை கருவிகளையே உயர்ந்த கோபுரங்களில் திசை ஆன்டெனாக்களோடு பொருத்தி, கிலோமீட்டர்க் கணக்கில் இணைப்பை நீட்டினர்.

நெடுந்தூர வைஃபை இணைப்புகளை அளந்து 2007இல் அவ்வாய்வுக் குழுவினர் வெளியிட்ட கட்டுரைகள் இரண்டு உண்மைகளை நிறுவின. நகரச் சூழலில் தரவு இழப்புக்கு முதன்மைக் காரணம் அதே பட்டையில் இயங்கும் பிற வைஃபை கருவிகளின் குறுக்கீடே என்பது ஒன்று. கேட்டுப் பார்த்துப் பேசும் வழக்கமான முறைக்கு மாற்றாக, ஒவ்வொரு முனைக்கும் நேரத்தை முறைவைத்துப் பங்கிட்டபோது தரவு ஓட்டம் 2 முதல் 5 மடங்கு வரை உயர்ந்தது என்பது மற்றொன்று. கருவியின் திறனைக் கூட்டாமலே, ஒழுங்கைக் கூட்டியதால் கிடைத்த பயன் இது. வீட்டுக்காரர் தம் ரவுட்டரின் உட்கட்டமைப்பை மாற்ற இயலாதெனினும், இதே நெறியைச் சேனல் தேர்விலும் அகலத்திலும் திறனிலும் பின்பற்ற இயலும்.

பழுதைக் கண்டறியும் முறை

முதற்படியாக, மடிக்கணினியை ஈதர்நெட் கம்பியால் நேரடியாகப் பெட்டியில் இணைத்து வேகத்தை அளக்க வேண்டும். நெரிசல் மிகுந்த மாலை வேளையில் ஒருமுறையும் அதிகாலையில் ஒருமுறையும் அளப்பது நல்லது. திட்டத்துக்குரிய வேகம் கம்பியில் கிடைக்கவில்லையென்றால் மட்டுமே நிறுவனத்தை அழைக்க வேண்டும். 200 எம்பிபிஎஸ் திட்டத்தில் எப்போதும் 95 என்ற அளவே வருமானால், பெட்டியின் துளையோ கம்பியோ 100 எம்பிபிஎஸ் வரம்பு உடையது என்று கொள்ளலாம்.

இரண்டாவது, அறைதோறும் வைஃபை வழியே கிடைக்கும் வேகத்தையும் சிக்னலின் வலிமையையும் குறித்துக்கொள்ள வேண்டும். ஆண்ட்ராய்டு கைபேசிகளில் கிடைக்கும் வைஃபை அனலைசர் வகைச் செயலிகள் சிக்னலின் வலிமையை டிபிஎம் என்ற அளவில் எதிர்மறை எண்ணாகக் காட்டுகின்றன. எண் 10 குறையும்போது திறன் பத்தில் ஒரு பங்காகிறது. மைனஸ் 50 மிக நன்று; மைனஸ் 67 வரை காணொளி அழைப்புக்குப் போதும்; மைனஸ் 80 பயனற்றதற்கு நெருக்கம்.

மூன்றாவது, இவ்விரண்டு அளவுகளையும் சேர்த்துப் படிக்க வேண்டும். சிக்னல் தளர்ந்து வேகமும் குறைந்திருந்தால் காரணம் தொலைவும் சுவரும். சிக்னல் வலுவாக இருந்தும் வேகம் குறைந்திருந்தால் காரணம் குறுக்கீடு. இந்த வேறுபாட்டை அறியாமல் செய்யப்படும் செலவு பெரும்பாலும் வீண். குறுக்கீடு என்று தெரிந்தபின், அதே செயலியில் சுற்றியுள்ள ரவுட்டர்களின் சேனல்களைப் பார்த்து, ஐயத்துக்குரிய வீட்டுக் கருவிகளை ஒவ்வொன்றாக அணைத்து அளந்தால் மூலம் புலப்படும்.

குறுக்கீட்டைக் குறைக்கும் முறை

இடம் மாறாத கருவிகளைக் கம்பியில் இணைப்பதே முதன்மையான தீர்வு. தொலைக்காட்சி, மேசைக்கணினி, கண்காணிப்புக் கேமராப் பதிவுப் பெட்டி ஆகியவை கம்பிக்கு மாறினால், வீட்டின் காற்றுவழிச் சுமையில் பெரும்பகுதி நீங்குகிறது. புதுவீடு கட்டுவோர் மின்கம்பிக் குழாய் பதிக்கும்போதே, ஈதர்நெட் கம்பிக்கெனத் தனிக் குழாய் ஒன்றை ஒவ்வொரு தளத்துக்கும் பதித்துவிடுவது மிகச் சிறிய செலவில் நெடுநாள் பயன் தரும்.

கைபேசியும் மடிக்கணினியும் இயன்றவரை 5 கிகாஹெர்ட்ஸில் இணைய வேண்டும். அந்தப் பட்டையை அறியாத மின்விளக்கு, சிறு கேமரா போன்றவற்றுக்கு மட்டும் 2.4 கிகாஹெர்ட்ஸை விட்டுவைக்கலாம். 2.4 கிகாஹெர்ட்ஸில் சேனல் 1, 6, 11 ஆகியவற்றுள் நெரிசல் குறைந்த ஒன்றையும், 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தையும் தேர்வது சரியான அமைப்பு. 40 மெகாஹெர்ட்ஸ் அகலம் தெருவின் பாதிக் காற்றைத் தனதாக்கிக்கொள்வதோடு, தானும் மிகுந்த குறுக்கீட்டுக்கு ஆளாகிறது. 5 கிகாஹெர்ட்ஸில் தனிவீட்டுக்கு 80 மெகாஹெர்ட்ஸும் அடுக்குமாடிக்கு 40 மெகாஹெர்ட்ஸும் பொருந்தும். ரேடார்களோடு பகிரப்படும் சேனல்களைத் தேர்ந்தால், பல ரவுட்டர்கள் ஒரு நிமிடம் கேட்டுப் பார்த்தபின்பே பேசத் தொடங்கும் என்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

சேனலைத் தானியங்கியாகத் தேரும்படி விடுவது பல வீடுகளுக்குப் போதும். ஆனால் மின்தடை நீங்கித் தெரு முழுவதும் ரவுட்டர்கள் ஒரே நேரத்தில் விழித்தெழும்போது, ஒன்றையொன்று அறியுமுன்பே பலவும் ஒரே சேனலில் அமர்ந்துவிட வாய்ப்புண்டு. அதன்பின் வேகம் குறைந்தால், சிறிது நேரம் கழித்துப் பெட்டியை ஒருமுறை அணைத்து இயக்குவதோ, சேனலைக் கையால் நிலைப்படுத்துவதோ தீர்வு. பெட்டிக்கென 12 வோல்ட் சிறு மின்சேமிப்புக் கருவி ஒன்றை வைத்திருப்பவர்களுக்கு இத்தொல்லை வருவதில்லை.

அலைத்திறனை உச்சத்தில் வைப்பது நல்லது என்ற எண்ணம் தவறானது. ரவுட்டரின் குரல் தொலைவு சென்றாலும், சிறிய மின்கலத்தில் இயங்கும் கைபேசியின் மறுமொழி அத்தொலைவைக் கடந்து திரும்புவதில்லை. இடையில் அண்டை வீடுகளுக்கு இரைச்சல் மட்டுமே கூடுகிறது. அடுக்குமாடியில் நடுத்தரத் திறனே போதுமானது. பெரிய வீட்டுக்கு இரண்டாவது பெட்டி தேவையானால், முதற்பெட்டியிலிருந்து கம்பி இழுத்து இணைப்பதே சிறப்பு. காற்றிலேயே வாங்கிக் காற்றிலேயே திருப்பி அனுப்பும் ஒற்றைப்பட்டை ரிப்பீட்டர், ஒவ்வொரு தரவையும் இருமுறை சுமப்பதால் வேகத்தை ஏறத்தாழப் பாதியாக்குகிறது.

இவ்வத்தியாயத்தில் கூறப்பட்டவற்றுள் பெரும்பாலானவற்றுக்குப் பணச்செலவே இல்லை. ஒரே மாடிப்படியைப் பகிரும் குடும்பங்கள் ஒரு மாலை கூடி, எந்த வீட்டுக்கு எந்தச் சேனல் என்று முடிவுசெய்துகொண்டு, 2.4 கிகாஹெர்ட்ஸில் 20 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் அகலத்தை விரிப்பதில்லை என்று உடன்பட்டால், அக்குடியிருப்பில் ஒவ்வொருவரின் இணைப்பும் மேம்படும். புதிய ரவுட்டர் வாங்கக் கடைக்குப் புறப்படும் வாசகர், அதற்கு முன் பெட்டியின் இடத்தையும் சேனலையும் ஒருமுறை மாற்றிப் பார்த்து, பக்கத்து வீட்டாரோடும் ஒருமுறை பேசிப் பார்க்க வேண்டும்.